மெர்சி ஆற்று முகத்தில் பைலட் ஒழுங்குமுறை: லிவர்பூல், 1759 முதல் 1815 வரை

இங்கிலாந்தின் வடமேற்குக் கரையில் இருக்கும் லிவர்பூல் துறைமுகத்துக்கு 1766இல் தனியாக ஒரு பைலட் சட்டம் வந்தது. கப்பல்களை உள்ளே கொண்டுவந்து வெளியே கொண்டுபோய் விடும் வழிகாட்டி மாலுமிகளை, அதாவது பைலட்டுகளை, இன்னும் நன்றாக ஒழுங்குபடுத்துவது அதன் நோக்கம் என்று சட்டத்தின் தலைப்பே சொல்கிறது. அதற்கு முந்தைய சில ஆண்டுகளையும் பிந்தைய அரை நூற்றாண்டையும் ஒரே நிகழ்வாக எடுத்துக்கொண்டு, யார் எதைப் பார்த்தார்கள், என்ன முடிவெடுத்தார்கள், அது எங்கே போய் நின்றது என்று இங்கே பதிவு செய்கிறேன். முடிவில் வருவது ஒரு விபத்து. உரிமம் பெற்ற பைலட் பொறுப்பில் இருந்த ஒரு கப்பல், கடலின் ஆபத்துகளையெல்லாம் தாண்டி வந்துவிட்டு, டாக் (கப்பல்கள் நின்று சரக்கு இறக்கும் தேக்கம்) வாசலில் சாய்ந்தது. அந்த ஒரு விபத்துக்காகவே இந்தக் கதையை முதலிலிருந்து பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

பின்னணி: இடம் எப்படிப்பட்டது

மெர்சி ஆறு கடலில் சேரும் இடம் லிவர்பூல் நகரத்துக்கு எதிரே குறுகலானது. உள்ளே ஆறு அகன்று கிடக்கிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே நீர்மட்டம் 9 மீட்டர் வரை மாறும். அவ்வளவு தண்ணீரும் அந்தக் குறுகிய வாய் வழியாகத்தான் உள்ளே போய் வெளியே வர வேண்டும். எனவே நீரோட்டம் கடுமையாக இருக்கும். நங்கூரம் பாய்ச்சி நிற்பதே பெரும் பாடு.

வாய்க்கு வெளியே மணல் திட்டுகள் கிடக்கின்றன. பர்போ, ஹாயில், ஃபார்ம்பி என்று பெயர் பெற்ற இந்தத் திட்டுகளுக்கு நடுவேதான் கப்பல் தடங்கள் ஓடுகின்றன. மேற்கிலிருந்து வரும் கப்பல், ஆற்றுக்கு மேற்கே இருக்கும் விர்ரல் (Wirral) தீபகற்பத்தின் வடகரையை ஒட்டியிருந்த ஹார்ஸ் தடத்தையும் ராக் தடத்தையும் பிடித்து வரும். ஹாயில் ஏரி என்று அழைக்கப்பட்ட, மணல் திட்டு காவலாக நின்ற ஒரு நீர்ப்பரப்பில் தங்கி ஏற்றத்துக்குக் காத்திருக்கும். வடக்கே ஃபார்ம்பி தடம் இருந்தது. வடமேற்குக் காற்று பலமாக வீசினால் இந்த வளைகுடாவில் ஒதுங்க இடம் குறைவு. காற்று கப்பலை மணலை நோக்கியே தள்ளும்.

இன்னொரு சிக்கல், மணல் ஒரே இடத்தில் நிற்காது. 1738இல் இருவர் இந்தக் கரையை அளந்து வரைபடம் வெளியிட்டார்கள். நல்ல வேலைதான். ஆனால் அளந்த நாளிலிருந்தே அந்த வரைபடம் பழசாகத் தொடங்கியிருக்கும். ஆற்று வாயின் மேற்கு ஓரத்துப் பாறையில் 1683 முதல் ஒரு மரக்கம்பம் அடையாளமாக நின்றது. அதுவும் புயல் வந்தால் அடித்துக்கொண்டு போகும், திரும்ப நட வேண்டும்.

இப்படிப்பட்ட இடத்துக்குக் கப்பல்கள் ஏன் குவிந்தன? 1715இல் லிவர்பூல் ஒரு மூடிய டாக்கைத் திறந்தது. கதவு போட்டு உள்ளே நீரைத் தேக்கி வைத்து, வற்றத்திலும் கப்பல் மிதந்தபடியே சரக்கு இறக்க வழிசெய்த முதல் வணிக டாக் இதுதான். 1753இல் இரண்டாவது டாக் வந்தது. செஷயர் உப்பு, லங்காஷயர் துணி, சர்க்கரை, புகையிலை என்று வணிகம் பெருகியது. அதோடு அடிமை வணிகமும். பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் இங்கிலாந்தின் அடிமை வணிகத்தில் லிவர்பூல் முதலிடத்துக்கு வந்துவிட்டது. அந்த வணிகம் நடந்த காலம் முழுவதையும் சேர்த்தால் 5000க்கும் மேற்பட்ட அடிமைப் பயணங்கள் இந்த ஆற்று வாயிலிலிருந்து புறப்பட்டன. நாம் இங்கே பேசப்போகும் விளக்குகளும் பைலட்டுகளும் அந்தக் கப்பல்களையும் பத்திரமாக வழியனுப்பி வரவேற்றன. பாதுகாப்புக்குச் செலவழிக்கப்பட்ட பணத்தில் பெரும் பங்கு எங்கிருந்து வந்தது என்பதை ஒதுக்கிவிட்டு இந்த வரலாற்றைச் சொல்வது நேர்மையாகாது.

கவனித்தவை: 1759 முதல் 1765 வரை

1759இல் வில்லியம் ஹட்சின்சன் என்பவர் லிவர்பூலின் டாக் மாஸ்டரானார், அதாவது டாக்கை நடத்தும் அதிகாரியானார். நியூகாசலில் பிறந்து, சிறுவயதிலேயே நிலக்கரிக் கப்பலில் வேலைக்குச் சேர்ந்து, ஆசியக் கடல்கள் வரை போய், போர்க்காலத் தனியார் கப்பல்களுக்குத் தலைமை தாங்கியவர். அலுவலகத்தில் உட்கார்ந்து விதி எழுதும் ஆள் அல்ல.

அவர் முன் இருந்த நிலைமை இது. மூடிய டாக்கின் கதவு எப்போதும் திறந்திருக்காது. ஏற்றம் உச்சத்தை நெருங்கும் சிறிது நேரம்தான் கப்பல் உள்ளே நுழைய முடியும். அந்த நேரத்தைத் தவறவிட்டால் அடுத்த ஏற்றம் வரை, அதாவது பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல், நீரோட்டத்தில் நங்கூரத்தை நம்பிக் காத்திருக்க வேண்டும். ஆகவே கப்பலை உள்ளே கொண்டுவருபவருக்கு மணல் திட்டு எங்கே என்று தெரிந்தால் மட்டும் போதாது. இன்றைக்கு ஏற்றம் எத்தனை மணிக்கு உச்சத்தைத் தொடும், எவ்வளவு உயரம் வரும் என்பதும் தெரிய வேண்டும்.

அதைத் துல்லியமாகச் சொல்ல அப்போது யாராலும் முடியவில்லை. எனவே ஹட்சின்சன் தானே அளக்கத் தொடங்கினார். 1764 ஜனவரி முதல் டாக் வாசலில் ஒவ்வொரு ஏற்றத்தின் நேரத்தையும் உயரத்தையும், காற்றையும் வானிலையையும் சேர்த்துக் குறித்தார். பகலிலும் குறித்தார், இரவிலும் குறித்தார். 1793 வரை, ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் இது நின்றுபோகாமல் நடந்தது. நள்ளிரவில் விளக்கைப் பிடித்துக்கொண்டு டாக் கதவருகே போய் நீர்மட்டத்தைப் பார்த்து எழுதுவதில் புகழ் எதுவும் இல்லை. ஆனாலும் இந்த முழு நிகழ்விலும் எனக்கு மிகப் பெரிய செயலாகப் படுவது இதுதான்.

பைலட் வேலையைப் பார்த்தவர்கள் யார்? கரையோர மீனவர்கள், படகோட்டிகள், இடம் தெரிந்தவர்கள். அவர்களில் கைதேர்ந்தவர்கள் நிச்சயம் இருந்தார்கள். சிக்கல் என்னவென்றால் வெளியூர்க் கேப்டனுக்கு அவர்களைப் பிரித்தறிய வழியில்லை. தேர்வு கிடையாது, உரிமம் கிடையாது, எல்லோருக்கும் பொதுவான கட்டணமும் கிடையாது. காற்று மாறிக்கொண்டிருக்கும்போது படகில் வந்து "நான் கூட்டிப்போகிறேன்" என்று சொல்பவரை நம்புவதா வேண்டாமா என்று கேப்டன் நின்ற இடத்திலேயே முடிவெடுக்க வேண்டும். விலையும் அப்போதே பேச வேண்டும்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதல் முடிவு விளக்குகள். மூன்றாவது டாக் கட்ட அனுமதித்த 1762ஆம் ஆண்டுச் சட்டமே கலங்கரை விளக்கங்கள் அமைக்கவும் அதிகாரம் தந்தது. 1763இல் விர்ரல் கரையில் இரண்டு ஜோடி விளக்குகள் எரிந்தன. லீசோவில் ஒரு ஜோடி, ஹாய்லேக்கில் ஒரு ஜோடி. ஜோடியாக வைத்ததற்குக் காரணம் உண்டு. தாழ்வான விளக்கு முன்னால், உயரமானது பின்னால். இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரிந்தால் கப்பல் தடத்தின் கோட்டில் இருக்கிறது. மேல் விளக்கு வலப்புறம் நகர்ந்து தெரிந்தால் கப்பல் கோட்டுக்கு வலப்புறம் விலகிவிட்டது, திருப்ப வேண்டும். லீசோ ஜோடி ஹார்ஸ் தடத்துக்குள் கொண்டுவரும், ஹாய்லேக் ஜோடி ஏரிக்குள் கொண்டுபோகும்.

ஹட்சின்சன் விளக்குகளுக்குப் பின்னால் வளைந்த பிரதிபலிப்பான்களைப் பொருத்தினார். சிறியவை தகரத் தகடுகளைப் பற்றவைத்துச் செய்தவை. பெரியவை மரத்தால் குழித்து, உள்ளே கண்ணாடித் துண்டுகளை வரிசையாகப் பதித்தவை. மிகப் பெரியதின் விட்டம் 12 அடி. எண்ணெய் விளக்கின் சிறு சுடரை ஒரே திசையில் குவித்துக் கடலுக்கு அனுப்ப அப்போது இதைவிட நல்ல வழி இல்லை.

இரண்டாவது முடிவுதான் 1766ஆம் ஆண்டுப் பைலட் சட்டம். மேற்பார்வைக்கு ஆணையர்கள் வந்தார்கள். பைலட்டாக வேலை செய்ய விரும்புபவர் தகுதியைக் காட்டி உரிமம் பெற வேண்டும். உரிமம் இல்லாதவர் கப்பலை வழிநடத்தினால் தண்டம். கட்டணம் கப்பல் எத்தனை அடி ஆழத்துக்கு நீரில் அமிழ்ந்திருக்கிறது என்பதை வைத்துக் கணக்கிடப்பட்டது.

அடிக் கணக்கில் கட்டணம் வைத்தது சாதாரண விஷயமாகத் தோன்றலாம். ஆனால் நன்றாக யோசித்துச் செய்ததாகவே எனக்குப் படுகிறது. ஆழமாக அமிழ்ந்த கப்பலுக்குத்தான் மணல் திட்டு அதிக ஆபத்து, ஏற்றத்தின் நேரமும் அதற்குத்தான் குறுகலாகக் கிடைக்கும். அதாவது பைலட்டின் கஷ்டம் எதனால் கூடுகிறதோ அதையே அளவுகோலாக வைத்தார்கள். சரக்கின் மதிப்பையோ கேப்டனின் அவசரத்தையோ வைக்கவில்லை. புயல் நேரத்தில் விலை பேசும் வேலையும் இல்லாமல் போனது.

மூன்றாவது முடிவு படகுகள். எண் போட்ட பாய்மரப் படகுகளில் பைலட்டுகள் கடலிலேயே சுற்றிக்கொண்டு காத்திருந்தார்கள். கூடவே பயிற்சிப் பையன்கள் இருந்தார்கள். படகைத் துடைப்பது, பைலட்டைச் சிறு தோணியில் கப்பலுக்குக் கொண்டுபோய் விடுவது என்று தொடங்கி, ஆண்டுக்கணக்கில் தடங்களைப் பார்த்துப் பழகிய பிறகுதான் அவர்கள் தேர்வுக்குப் போவார்கள். உரிமம் என்ற காகிதத்துக்கு மதிப்பு வந்தது இந்தப் படகுகளால்தான். நகரத்தில் உட்கார்ந்திருக்கும் உரிமம் பெற்ற பைலட்டால் ஹாயில் திட்டின்மேல் ஏறப்போகும் கப்பலுக்கு எந்தப் பயனும் இல்லை.

தொடர்ந்து நடந்தவை

மூன்றே ஆண்டுகளில் ஒரு சோதனை. 1769இல் லீசோவின் தாழ்வான விளக்கைப் புயல் அழித்தது. ஜோடியில் ஒன்று போனால் மற்றது இருந்தும் கோடு கிடைக்காது.

இழந்ததை அதே இடத்தில் திரும்பக் கட்டாமல், நிர்வாகம் வேறு விதமாக யோசித்தது. நின்றுகொண்டிருந்த உயரமான லீசோ கோபுரத்தையே இனி தாழ்வான விளக்காக வைத்துக்கொண்டு, புதிய மேல் விளக்கைக் கரையிலிருந்து 3 கிலோமீட்டருக்கும் மேல் உள்ளே பிட்ஸ்டன் குன்றில் 1771இல் ஏற்றினார்கள். கடல் எட்டாத இடம். அவ்வளவு தூரத்திலிருந்து ஒளி கடலைத் தொட வேண்டுமே என்ற கேள்விக்குப் பதில் அந்தப் பெரிய பிரதிபலிப்பான். விளக்கைத் தடத்துக்கு எவ்வளவு பக்கத்தில் வைக்க முடியுமோ அவ்வளவு நல்லது என்ற வழக்கமான எண்ணத்தைக் கைவிட்டது துணிச்சலான முடிவு.

1770 முதல் ஹோல்டன் குடும்பத்தார் லிவர்பூலுக்கான ஏற்ற அட்டவணைகளை வெளியிடத் தொடங்கினார்கள். ஹட்சின்சனின் அளவுகள்தான் அவற்றுக்கு அடிப்படை. இப்போது பைலட்டின் கையில் நேரமும் இருந்தது. எழுபதுகளில் ஃபார்ம்பி கரையில் ஓர் உயிர்காப்புப் படகு நிறுத்தப்பட்டது. உலகத்தின் முதல் உயிர்காப்புப் படகு நிலையம் அதுதான் என்று பொதுவாக ஏற்றுக்கொள்கிறார்கள். ஆங்கிள்சி தீவின் லைனஸ் முனையில் பைலட்டுகளுக்கு ஒரு நிலையம் உண்டாகி, 1779இல் அங்கே விளக்கும் ஏற்றப்பட்டது. லிவர்பூலுக்கு மேற்கே வெகு தொலைவில், மணல் திட்டுகள் தொடங்கும் முன்பே, கப்பலைப் பிடித்துப் பைலட்டை ஏற்றிவிட முடிந்தது. ஆபத்துக்கு முன்னால் பைலட் கப்பலில் ஏறியிருக்க வேண்டும் என்ற நோக்கம் அப்போதுதான் முழுமையாக நிறைவேறியது என்று சொல்வேன்.

1797இல் பைலட் சட்டம் புதுப்பிக்கப்பட்டது. கேப்டன் பைலட்டை மறுத்தாலும் கட்டணத்தைக் கட்டித்தான் ஆக வேண்டும். காரணம் புரிகிறது. பணம் மிச்சம் பிடிக்கலாம் என்று பைலட் இல்லாமல் நுழைந்து மணலில் ஏறும் ஒரு கப்பல், மற்றவர்களின் தடத்தையும் அடைத்துவிடும். ஆனால் இந்த விதி, இதுவரை யாரும் நேராக எதிர்கொள்ளாத ஒரு கேள்வியையும் கூடவே கொண்டுவந்தது. கேப்டன் தானாகத் தேர்ந்தெடுக்காத ஒருவர் கப்பலைச் சேதப்படுத்தினால், அது யார் தலையில் விழும்?

டாக் வாசலில் சாய்ந்த கப்பல்

1815இல் லண்டன் அரச நீதிமன்றத்துக்கு வந்த ஒரு காப்பீட்டு வழக்கில் இது வெளிப்பட்டது. கப்பல் பைலட்டின் பொறுப்பில் மெர்சியில் லிவர்பூலை நோக்கி ஏறி வந்தது. டாக்குக்கு வெளியே ஏற்றத்தோடு நிறைந்து வற்றத்தோடு வெறுமையாகும் ஒரு முன்தேக்கம் இருக்கும். அதன் கரைச்சுவரை ஒட்டிக் கப்பலைக் கட்டினார்கள். கேப்டன் வேண்டாம் என்று சொன்னார். ஆனால் பைலட் சொன்னபடியே நடந்தது. ஒரு கயிறு கரைக்குப் போனது. கப்பல் அப்படியே விடப்பட்டது.

அப்புறம் நடந்ததை ஊகிக்க முடியும். வற்றம் தொடங்கியதும் அடிப்பகுதி தரையைத் தொட்டது. நீர் முழுவதும் விலகியபோது கப்பல் ஒரு பக்கமாகச் சாய்ந்து விழுந்து அடிப்பலகை உடைந்தது. அடுத்த ஏற்றத்தில் அந்த உடைப்பு வழியாகவே தண்ணீர் உள்ளே ஏறியது. சரக்கு நனைந்து கெட்டது.

கப்பல் தரைதட்டினால்தான் இப்படிப்பட்ட பகுதிச் சேதத்துக்குப் பணம் கிடைக்கும் என்பது காப்பீட்டு ஒப்பந்தத்தின் நிபந்தனை. கரைச்சுவரில் கட்டிய கப்பல், எல்லா நாளும் வற்றும் இடத்தில் தரையைத் தொடுவது தரைதட்டலா? ஆம் என்று நீதிமன்றம் தீர்த்தது. வழக்கமாகக் கப்பல் தரையில் அமர்வது வேறு, அமரக் கூடாத விதத்தில் விடப்பட்டுச் சாய்வது வேறு. பைலட்டின் பிழையைக் காட்டிச் சரக்கின் சொந்தக்காரருக்குப் பணம் மறுக்கவும் முடியவில்லை. பைலட் கப்பல் உரிமையாளரின் வேலையாள் அல்ல, சட்டம் கொண்டுவந்து நிறுத்தியவர்.

சரக்குக்காரருக்கு நியாயமான தீர்ப்பு. ஆனால் துறைமுகப் பாதுகாப்பு என்ற கோணத்தில் பார்த்தால் என்னை உறுத்துவது தளத்தில் நடந்த அந்தச் சில நிமிடப் பேச்சு. மணல் திட்டு, நீரோட்டம், தடம் ஆகியவற்றில் பைலட்டின் சொல் மேலானது. சரி. ஆனால் அந்தக் கப்பலின் அடிப்பகுதி தட்டையா கூர்மையா, தரையில் அமர்ந்தால் நேராக நிற்குமா சாயுமா என்பது அதில் மாதக்கணக்கில் வாழ்ந்த கேப்டனுக்குத்தான் தெரியும். அவர் சொன்னதைக் கேட்க வேண்டிய கட்டாயம் பைலட்டுக்கு இல்லாமல் இருந்தது. தன் எதிர்ப்பை வற்புறுத்தினால் பொறுப்பு தன் மேல் வந்து விழும் என்ற கவலை எந்தக் கேப்டனுக்கும் இருக்கத்தான் செய்யும்.

என்ன மாறியிருக்க வேண்டும்

1766இன் ஏற்பாட்டில் குறை சொல்ல எனக்கு அதிகம் இல்லை. அளவீடு, விளக்கு, உரிமம், கட்டணம், படகு ஆகிய ஐந்தும் சில ஆண்டு இடைவெளிக்குள் ஒன்றையொன்று தாங்கிக்கொண்டு வந்தன. சட்டம் மட்டும் தனியாக வந்திருந்தால், முன்பு தேர்வில்லாமல் ஊகித்தவர்கள் இனி உரிமத்தோடு ஊகித்திருப்பார்கள்.

விட்டுப்போனது கடைசிக் கட்டம். கப்பல் எந்த நிலையை அடைந்தால் பைலட்டின் பொறுப்பு முடிகிறது என்று எழுதியிருக்க வேண்டும். கரைக்கு ஒரு கயிறு போனதும் வேலை முடிந்துவிட்டது என்று பைலட் இறங்கிப்போக இடம் இருக்கக் கூடாது. டாக்குக்குள் மிதக்கும் நிலையிலோ, வற்றத்தைத் தாங்கும்படி எல்லாப் பக்கமும் கட்டப்பட்ட நிலையிலோ, கேப்டனிடம் வாய்விட்டுச் சொல்லி ஒப்படைக்க வேண்டும். கப்பலின் வடிவத்தைப் பற்றிக் கேப்டன் எச்சரித்தால் டாக் மாஸ்டரைக் கூப்பிட்டு முடிவெடுக்க வேண்டும். டாக் மாஸ்டர் கூப்பிடு தூரத்தில்தானே இருந்தார்.

தடங்களைத் திரும்பத் திரும்ப அளப்பதற்கும் அதே அளவு கட்டாயம் வேண்டியிருந்தது. கல்லால் கட்டிய விளக்கு நகராது, மணல் நகரும். இரண்டும் பொருந்தாமல் போகும் நாளில், விளக்குகளை நேர்கோட்டில் பிடித்துக்கொண்டு ஒழுங்காக வரும் கப்பல்தான் முதலில் மாட்டும். ஹாயில் ஏரி மெல்ல மெல்ல மணலால் தூர்ந்துபோனது. 1833இல் கடற்படை அதிகாரி ஒருவர் முறையாக அளந்தபோது, பெரிய கப்பல்களுக்கு ஏற்ற புதிய தடம் ஒன்று திட்டுகளுக்கு நடுவே திறந்திருப்பதைக் கண்டார். லிவர்பூலின் போக்குவரத்து பிறகு அந்தப் பக்கம் திரும்பியது.

பொறுப்பு யாருடையது என்ற கேள்விக்கு விடை வர இன்னும் நெடுங்காலம் ஆனது. கட்டாயத்தின் பேரில் ஏற்றப்பட்ட பைலட்டின் பிழைக்குக் கப்பல் உரிமையாளர் பொறுப்பல்ல என்ற வாதம் பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுவதும் பிரிட்டனில் செல்லுபடியானது. மோதலில் சேதப்பட்ட மறுதரப்புக்கு அதனால் பல நேரம் இழப்பீடு கிடைக்காமல் போயிற்று. 1913ஆம் ஆண்டு பைலட் சட்டம் அந்த விலக்கை நீக்கியது, 1918 தொடக்கத்தில் அது நடைமுறைக்கு வந்தது. அதன் பிறகு, பைலட் கட்டாயத்தின் பேரில் ஏறியிருந்தாலும் கப்பல் செய்யும் சேதத்துக்கு அதன் உரிமையாளரே பொறுப்பு.